புயல் நாடுவோர் யாவர்?

ஒரு பெயரைச் சூடிக்கொள்ளுதல் எளிது; அப்பெயருக்கு உரியராய் நிற்றலோ அரிது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதினும் எம் விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு வழக்கினாற் கற்றதே மிகுதி. அவ்வழக்கையும், அதன் முடிவாக எமக்குத் தோன்றிய கருத்தையும் இம்மலரின் வாயிலாகக் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் விடுதி மாணவருள் வானத்தை அண்ணாந்து நோக்கும் பழக்கமுடையார் பதினொருவர் உளர். மழைக்காலத்து மாலைகளில் மாடியேறி மேகங் காண்பதும், கைபேசியில் ராடார்ப் படத்தை விரித்துவைத்து மழை எந்நேரம் வருமென வாதிடுவதும், தொலைவில் இடி முழங்கக் கேட்டவுடன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்திசை நோக்கி விரைவதும் எம் பொழுதுபோக்கு. 2024-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய காலத்தில், இக்கூட்டத்துக்கு ஒரு பெயரும் உறுப்பினர் பட்டியும் வேண்டுமென எண்ணினோம். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ம் சேஸர்' என வழங்கும் பெயரைத் தமிழாக்கிப் 'புயல் வேட்டையர்' என வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். உடனே பிறந்தது வழக்கு. புயல் வேட்டையர் எனப்படுவோர் யாவர்?

இடியும் மின்னலும் உள்ள இடத்துக்கு நேரிற் சென்றவரே அப்பெயர்க்கு உரியர் என்றனர் ஒரு சாரார். காற்றியல் கற்றுப் பட்டம் பெற்றவரன்றிப் பிறர் அப்பெயர் கொள்ளலாகாது என்றனர் மற்றொரு சாரார். முன்னறிந்து கூறி, அக்கூற்றைப் பலர் கேட்கப் பெற்றவரே உரியர் என்றனர் வேறு சிலர். மழையை விரும்பும் யாவரும் உரியரே, இதில் வழக்கு எதற்கு என்றனர் எஞ்சியோர். நாட்டுக்கு இன்றியமையாத வினாவன்று இது என யாமும் அறிவோம். ஆயினும் அன்றுவரை ஒரே பலகையில் அமர்ந்து உண்ட இருவர், அதன்பின் ஒரு திங்கள்வரை ஒருவரோடொருவர் பேசிலர் என்றால், வழக்கின் வேகத்தை நண்பர்கள் ஒருவாறு உணரலாம்.

முதற்கண் இப்பெயர் எங்குப் பிறந்தது என்பதை நோக்குவோம். அமெரிக்க நாட்டின் நடுப்பகுதி கண்ணுக்கெட்டிய தூரம் மேடுபள்ளமற்ற சமவெளி. வேனில் தொடங்குங்காலத்து அங்கே எழும் இடிமேகங்களிலிருந்து சுழற்காற்றுத் தூண்கள் நிலத்தில் இறங்கி ஊர்களை அழிக்கும். அவை தோன்றி மறைவது சில நாழிகைக்குள். அழிக்கும் நிலமோ ஓர் ஒடுங்கிய கீற்று. ஆதலின் அவற்றைக் காண விழைவோன் ஊர்தியேறித் தேடிச் செல்லுதல் வேண்டும். டேவிட் ஹோட்லி என்பார் 1956-இல் வடடக்கோட்டா மாநிலத்துப் பிஸ்மார்க் நகரில் இவ்வாறு செல்லத் தொடங்கினார்; பின்னர் 1977-இல் இதற்கெனவே ஓர் இதழும் நடத்தினார். 1996-இல் வெளிவந்த ஒரு திரைப்படம் இப்பொழுதுபோக்கை உலகெங்கும் பரப்பிற்று. அதன் பின்னரே, காமிராவும் ஊர்தியும் உடையவரெல்லாம் தம்மை இப்பெயரால் அழைத்துக்கொள்ளுதல் பெருகிற்று.

நம் நாட்டுப் புயலின் இயல்போ வேறு. வங்கக் கடலிற் பிறந்து, பல நாள் கடல்மேற் சுழன்று, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமாக வந்து கரையேறுவது அது. அதனைத் துரத்துவார் யார்? நாம் துரத்த வேண்டாமலே நம் வாயிலுக்கு வந்து கதவைத் தட்டுகின்றது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய தானே புயலையும், 2016 டிசம்பர் 12-இல் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தாவையும், 2018 நவம்பர் 16 விடியற்போதில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே நுழைந்து தென்னந்தோப்புகளை முறித்த கஜாவையும் எவரும் வேட்டையாடவில்லை. அவையே மக்களை வேட்டையாடின. ஆதலின் 'வேட்டை' என்னுஞ் சொல் நம் நிலத்துக்குப் பொருந்தாது என்பதே எம் முதற் கருத்து.

தமிழ் பயில்வோர் ஆதலின் சொல்லைப்பற்றி இன்னும் ஒன்று கூற நண்பர்கள் இசைவாராக. பழந்தமிழில் 'புயல்' என்றது மேகத்தையும் மழையையுமே. பெருங்காற்றைக் குறித்தது பிற்கால வழக்கு. 'நாடுதல்' என்பதோ விரும்புதல், தேடுதல், ஆராய்தல் என்னும் மூன்று பொருளையும் தன்னுட் கொண்டது. நோயின் மூலத்தை ஆராயும் மருத்துவனது செயலுக்கு வள்ளுவர் ஆண்ட சொல் அதுவே. ஆதலின் 'புயல் நாடுவோர்' என்னும் பெயரையே யாம் ஈண்டு வழங்குவோம். இனி, அப்பெயர்க்கு உரிமை பாராட்டிய மூவகையாரையும் ஒவ்வொருவராக நோக்குவோம்.

பட்டம் பெற்றவரே உரியர் என்பார் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். மேகங்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்களை 1802-இல் வகுத்துரைத்த லூக் ஹோவர்டு இலண்டனில் மருந்து செய்து விற்றவர். 'சைக்குளோன்' என்னும் சொல்லைப் படைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். அவர் முன்னாளில் வணிகக் கப்பல் மீகாமனாக இருந்தவர். பாம்பு சுருண்டு கிடப்பது போன்ற காற்றின் வட்டத்தைக் கண்டு, கிரேக்கச் சொல்லொன்றினின்று அப்பெயரை ஆக்கி, 1848-இல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில் வழங்கினார். நம் நாட்டில் வானிலைத் துறை அமைந்ததோ 1875-இல். ஆகவே துறை பிறப்பதற்கு முன்னரே புயலுக்குப் பெயரிட்டவர் துறைக்குப் புறம்பான ஒருவர் ஆவர். கல்வி வேண்டாவென்பது எம் கருத்தன்று. பட்டம் ஒன்றே வேலியாகாது என்பதே கருத்து.

நேரிற் சென்றவரே உரியர் என்பார்க்கும் பிடிங்டனே விடை கூறுவார். அவர் எந்தப் புயலையும் துரத்திச் சென்று அவ்வறிவைப் பெறவில்லை. புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித் தொகுத்தார்; இன்ன நாழிகையில் இன்ன இடத்தில் காற்று எத்திசையினின்று வீசிற்று, பாரமானி எவ்வளவு இறங்கிற்று எனப் பல கப்பல்களின் குறிப்புகளை ஒன்றோடொன்று பொருத்தியே சுழற்சியைக் கண்டார். மாதலை ஆற்றங்கரையில் அரசினர் ஒரு துறைமுகம் கட்ட முனைந்தபோது, அவ்விடம் புயற்கடலுக்கு இரையாகுமென 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதி எச்சரித்தவரும் அவரே. எச்சரிக்கையை ஏற்பாரிலர். துறைமுகம் எழுந்தது, பிடிங்டன் 1858-இல் மறைந்தார், 1867-இல் வந்த புயல் அத்துறைமுகத்தைப் பாழாக்கிற்று. அறையில் அமர்ந்து பிறர் குறிப்புகளைப் பயின்ற இம்முதியவரைப் புயல் நாடுவோர் பட்டியினின்று நீக்குவார் உளரேல், அப்பட்டியில் இடம்பெறுவது எற்றுக்கு?

இனி, பலர் கேட்கப் பெற்றவரே உரியர் என்னுங் கூற்று. நம் மாநிலத்தில் இது புறக்கணிக்கத்தக்க கூற்றன்று. சென்னை வானிலை மையத்தின் இயக்குநராயிருந்து 2016-இல் ஓய்வுபெற்ற ரமணன் அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றினால், பள்ளிக்கு விடுமுறை வருமென எம் மூத்தோர் ஆவலோடு காத்திருந்தனராம். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டிச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, துறையிற் சேராத ஆர்வலராகிய பிரதீப் ஜான் என்பாரின் குறிப்புகளைப் பெருந்திரளான மக்கள் நாடிப் படித்தனர். 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் அவர், தம் அலுவலுக்கு இடையே மழைக் கணக்குகளைத் திரட்டி ஆராய்வதை விருப்பமாகக் கொண்டவர். எளிய மொழியில் எழுதியமையும், பழைய ஆண்டுகளின் கணக்கை எடுத்துக்காட்டியமையும், வீண் அச்சத்தைத் தணித்தமையும் அவர்பால் மக்கட்கு நம்பிக்கை பிறப்பித்தன.

ஆயின் அதே வெள்ளநாளில், நாசா உரைத்தது எனப் பெயரிட்ட பொய்ச்செய்தியொன்றும் கைபேசிவழி வீடுவீடாகப் பரவி மக்களை நடுங்கச் செய்தது. அதனைக் கேட்டோர் தொகையும் சிறிதன்று. கேட்போர் தொகையே அளவுகோலாயின் பொய்யும் மெய்யும் ஒரே தட்டில் நிற்கும். பேரிடரைப்பற்றிப் பொய்யெச்சரிக்கை பரப்புவோரை ஓராண்டுவரை சிறையிட 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இடந்தருகின்றது. சட்டமே இதனைக் குற்றமென வகுத்துள்ளதாயின், புகழையே தகுதியாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வாறு மூன்று கூற்றுகளும் தம்முள் மோதி நின்ற நிலையில், எமக்கு விடை கிடைத்தது நூலகத்தில் அன்று, குப்பனூரில்.

சேர்வராயன் மலைக்கு ஏறப் பலரும் அறிந்தது சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளோடு செல்லும் பாதை. மற்றொரு பாதை அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூரை அடைந்து, அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும். மலையடியில் அமைந்த அவ்வூர் எம் தோழர் ஒருவரது ஊர். 2024 நவம்பர் 30 இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையேறிற்று. ஏறியபின் விரைந்து நீங்காது அங்கேயே தயங்கி நின்று, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டிப் பின்னர் மேற்கே நகர்ந்தது. உள்நாட்டு மலைகளை நோக்கி அது வருவதை ராடார்ப் படத்தில் கண்ட எம்முள் மூவர், டிசம்பர் முதல் நாள் மாலையே தோழர் வீட்டை அடைந்தோம். மறுநாட் காலை மோட்டார் சைக்கிளில் மலையேறி, மேகத்தினுள்ளே நின்று படம் எடுத்துத் திரும்புவது எம் திட்டம். நேரிற் செல்வோரே வேட்டையர் என வாதிட்டவர் யாமே என்பதையும் மறையாது கூறுகின்றோம்.

இரவெல்லாம் மழை ஓயவில்லை. விடிந்ததும் மழையங்கி அணிந்து புறப்பட்டோம். வீட்டின் பின்புறத்து வெட்டவெளியில், குடையைத் தோளிற் சாய்த்துக் குந்தியிருந்தார் தோழரின் பாட்டனார். அவர் முன்னே தரையினின்று ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில் ஒரு மழைமானி நின்றது. அதனுள்ளிருந்த நீரை அளவுக் கண்ணாடியிற் சிறிது சிறிதாக ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?”

“மேலே போறோம் தாத்தா, மழை பார்க்க.”

“மேலே போகாதீங்க. ஓடையைப் போய்ப் பாருங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் கலங்கலாத்தான் வந்துச்சு. இப்பச் சேறாட்டம் வருது. மலை கரையுது.”

எமக்கு அது பிடிக்கவில்லை. எனினும் தோழர் தம் பாட்டனார் சொல்லை மீறத் துணியவில்லை, யாமும் நின்றோம். நண்பகற்போதில் மலைப்பாதையில் ஆங்காங்கே பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நின்ற செய்தி வந்தது. அன்று காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில், அம்மலைத்தொடருக்கு வடகிழக்கேயுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் அம்மழை ஏறக்குறைய இருபது லட்சம் லிட்டர் நீராகும். அத்தனை நீரைக் குடித்த மலைச்சரிவு எங்ஙனம் நிலைத்து நிற்கும்? அதற்கு முன்னாள் திருவண்ணாமலையில் மலைமண் சரிந்து எழுவர் மாண்ட செய்தியையும் அன்றுதான் முழுமையாக அறிந்தோம். படம் எடுக்கச் சென்ற மூவரைத் தேடிப் பிறர் அம்மலை ஏற நேர்ந்திருக்குமாயின் அப்பழி யாருடையது?

அன்று வேறு செயல் இன்மையால் பாட்டனாரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தோம். அவர் இளமையில் மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நாடோறும் காலை மழைமானியைப் பார்த்து எழுதுதல் அவர் கடமைகளுள் ஒன்று. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின்னும் அப்பழக்கம் விடவில்லை. சொந்தச் செலவில் ஒன்று வாங்கி நட்டுக்கொண்டார். அருகில் மரமோ சுவரோ இருப்பின் அதன் உயரத்தினும் இருமடங்கு தொலைவு விலகி வைக்க வேண்டுமென்பதும், காற்று மிகுந்தால் மானியில் விழும் நீர் குறையுமென்பதும், காலை எட்டரை மணிக்கு எடுக்குங் கணக்கை அந்த நாளின் பெயரிலேயே எழுத வேண்டுமென்பதும் அவர் எமக்குக் கற்பித்தவை.

அக்குறிப்பேட்டில் எம்மைத் திகைக்கச் செய்தது பெருமழை நாட்களின் எண் அன்று. மாசி, பங்குனி மாதங்களின் பக்கங்களைப் புரட்டினோம். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே சுழியம்; சுழியம்; மீண்டும் சுழியம். மழையே பெய்யாத நாளில் எழுதுவது எதற்கு என வினவினோம்.

“எழுதாம விட்டா, மழை இல்லையா, இல்லே நான் பார்க்கலையான்னு பின்னாலே வர்றவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

புயல் வேட்டைக்கு எப்போதேனும் சென்றதுண்டா என எம்முள் ஒருவர் சற்றே குறும்பாகக் கேட்டார். அவர் நகைத்து, “நான் எங்கப்பா போறது? இந்தப் பக்கம் வர்ற புயல் எல்லாம் கடைசியிலே இந்த டப்பாவிலேதான் வந்து விழுது” என்றார்.

நண்பர்காள்! விடுதியில் ஒரு திங்கள் வாதிட்டும் காணாத விடையை யாம் அச்சுழியங்களிற் கண்டோம். புயல் நாளில் வானத்தை நோக்காதார் இலர். புயலற்ற நாளிலும் நோக்குபவனே புயல் நாடுவோன். அவன் கண்டதை அளந்து, அளந்ததை அன்றே எழுதி, எழுதியதைப் பிறர் சரிபார்க்க வைப்பவன். தான் முன்கூறியது பிழைத்தால் அதனையும் எழுதுபவன். தன் சொல்லைக் கேட்டு ஒருவன் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குச் செல்வான், மற்றொருவன் விளைந்த நெல்லை அறுப்பான் என்பதை மறவாதவன். 2017-இல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலர் செய்தி எட்டாது மாண்டதை நினைவார்க்கு, இது விளையாட்டன்று என்பது விளங்கும். ஊர்தியும் காமிராவும் பட்டமும் புகழும் இருப்பின் நன்று, இல்லையெனினும் குறைவன்று. அளவும் பதிவும் பொறுப்பும் இல்லையெனின், ஏனைய யாவும் இருந்தும் பயனில்லை.

இக்கருத்து புதியதன்று. புறநானூற்று முப்பதாம் பாட்டில், ஞாயிற்றின் செலவையும் காற்றுத் திரியும் திசையையும் தாமே சென்று அளந்து வந்தார்போல இவ்வளவு எனக் கூறுவோர் உளர் என உறையூர் முதுகண்ணன் சாத்தனார் உரைக்கின்றார். சென்றார் என்னாது சென்றார்போல என்றமையை நோக்குக. செல்லாமலே அளவு கூறும் அறிவு பண்டே இந்நாட்டில் மதிக்கப்பெற்றது. கௌடிலியர் தம் நூலில் களஞ்சியத்தின் முன் மழை அளக்கும் கலம் வைக்குமாறு விதித்தார். நம் உழவரும் ஈரம் இறங்கிய ஆழங் கண்டு ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என அளந்தே பேசினர். இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பார் 1860-இல் தொடங்கிய மழைக்கணக்குக் கூட்டத்தில், அவர் வாழ்நாள் முடிவிற்குள் 3000-க்கு மேற்பட்டோர் ஊதியமின்றித் தம் வீட்டுத் தோட்டங்களில் மழை அளந்தனர். எம் குப்பனூர்ப் பாட்டனார் அப்பெருங்கூட்டத்தவரை அறியார்; ஆயினும் அவர் குலத்தவரே.

இங்கே ஒரு தடை எழலாம். அங்ஙனமாயின் புயலை நேரிற் சென்று காண்போர் யாவரும் வீணரோ? அல்லர். டிம் சமாராஸ் என்னும் அமெரிக்கர் தாம் செய்த கருவியைச் சுழற்காற்றின் வழியில் வைத்து, 2003-இல் தெற்கு டக்கோட்டாவின் மான்செஸ்டர் என்னும் சிற்றூரில் காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைப் பதிவு செய்தார். அவர் சென்றது அளத்தற்கு. ஆதலின் அவர் நாடுவோரே. ஆனால் அத்துணைத் தேர்ச்சியுடைய அவரையும், அவர் மகனையும், உடன் சென்ற தோழரையும் 2013 மே 31-இல் ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே எழுந்த சுழற்காற்று கொன்றது. அளக்கச் சென்றவர்க்கே இந்நிலையாயின், வேடிக்கைக்குச் செல்வோர் என் செய்வர்? இடமும் நேரமும் குறித்து எடுத்த படம் ஒரு சான்று. அவையின்றி எடுத்தது வெறும் அலங்காரம். மின்னலைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. அம்மகிழ்ச்சி எமக்கும் உண்டு. மகிழ்ச்சியைத் தகுதியென மயங்குதலே குற்றம்.

இறுதியாக எம் கூட்டத்தின் செய்தி. பிணங்கிய இருவரும் இப்போது பேசிக்கொள்கின்றனர். 'வேட்டையர்' என்னும் பெயரை விடுத்தோம். விடுதியின் பின்புறத்துத் திடலில், வேப்பமரத்தினின்று போதிய தொலைவில் ஒரு மழைமானி நட்டுள்ளோம். காலை எட்டரை மணிக்கு முறைவைத்து ஒருவர் சென்று பார்த்து எழுதுகின்றார். தேர்வு நாளிலும் விடுமுறை நாளிலும் இம்முறை தவறாதிருத்தல் வேண்டும். விடுமுறையில் எழுதுதற்கு விடுதிக் காவலர் உவந்து இசைந்துள்ளார். ஓராண்டு முழுதும் ஒரு நாளும் விடாது எழுதியபின்னரே எம்மைப் புயல் நாடுவோர் என அழைத்துக்கொள்வது எனத் தீர்மானித்துள்ளோம். இதுகாறும் இருமுறை தவறினோம்; அவ்விரு நாட்களுக்கும் எதிரே சுழியம் இடாது வெற்றிடமே விட்டுள்ளோம். ஆகவே ஆண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து ஓடுகின்றது. இம்மலரைப் படிக்கும் அன்பருள் விருப்பமுடையார் எவரேனும் ஒரு நாட் காலை எட்டரை மணிக்கு அத்திடலுக்கு வருக. அன்று மழை பெய்திருத்தல் வேண்டுமென்பதில்லை.